மடித்தால் படகில், விரித்தால் சாலையில்: பழைய சிறுசக்கர மிதிவண்டிகளை மேம்படுத்துவது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மிதிவண்டியில் புறப்படுபவருக்குச் சாலை எங்கோ ஓரிடத்தில் முடிந்து, கடல் தொடங்கிவிடும். 8,249 சதுர கிலோமீட்டர் பரப்பு, எண்ணூறுக்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை சுமார் முப்பது மட்டுமே. ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குப் படகிலோ கப்பலிலோதான் செல்ல வேண்டும். முழு அளவு மிதிவண்டியைப் படகில் ஏற்ற இடம் வேண்டும். இறக்க ஆளும் வேண்டும். இத்தகைய நிலப்பரப்புக்கென்றே வடிவமைத்தது போலத் தோன்றும் ஒரு வாகனம் உலகின் பல நாடுகளில் பழைய பொருள்கள் கிடங்குகளில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதுதான் 1960கள், 70களைச் சேர்ந்த சிறுசக்கர மடிப்பு மிதிவண்டி.

அவற்றைத் தேடி எடுத்து, துரு நீக்கி, புதிய ரிம், புதிய பிரேக், புதிய கியர் பொருத்தி மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் ஆர்வலர்கள் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் என எங்கும் உள்ளனர். இந்தப் பொழுதுபோக்கில் ஏக்கமும் அழகுணர்ச்சியும் உண்டு என்றாலும், அடிப்படையில் அது பொறியியல் சார்ந்தது. பல இடங்களில் உயிர்ப் பாதுகாப்பு சார்ந்ததும்கூட. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும், உப்புக் காற்று ஓயாத ஒரு தீவில் அந்த வண்டியை ஓட்ட நினைத்தால், எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்திருப்பது அவசியம்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பிறந்த சிறு சக்கரம்: 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது மிதிவண்டியின் பக்கம் கவனத்தைத் திருப்பிய பொறியாளர் அலெக்ஸ் மோல்டன். பின்னாளில் புகழ்பெற்ற மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவர் இவரே. மிதிவண்டியின் சக்கரம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து அவர் தொடங்கினார். சிறிய சக்கரம் எடை குறைந்தது, வலிமையானது, விரைவில் வேகமெடுப்பது. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் பெரிய சக்கரத்தைவிடக் கடுமையாகக் குலுங்கும். அதற்கு மோல்டன் கண்ட விடை, அழுத்தம் மிகுந்த டயரும் ரப்பர் சஸ்பென்ஷனும்.

1962-இல் அறிமுகமான மோல்டன் மிதிவண்டி அதே ஆண்டு கார்டிஃப் - லண்டன் சாலைச் சாதனையை முறியடித்தது. சிறு சக்கரம் என்றால் சிறுவர் வண்டி என்ற எண்ணம் அன்றோடு தகர்ந்தது எனலாம். மோல்டன் மடங்கும் வண்டி அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். எனினும், பின்னர் வந்த மடிப்பு வண்டிகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அதற்குக் கடன்பட்டவை.

மோல்டனின் வடிவமைப்பை முதலில் ஏற்க மறுத்த ராலே நிறுவனம், அதன் வெற்றியைக் கண்டபின் 1965-இல் 'ஆர்எஸ்டபிள்யூ 16' என்ற போட்டி வண்டியை இறக்கியது. சஸ்பென்ஷனுக்குப் பதிலாகக் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர். பார்க்க அழகு, மிதிக்கப் பாரம். அந்தத் தவற்றிலிருந்து கற்றுக்கொண்டு ராலே 1968-இல் கொண்டுவந்ததுதான் 'ராலே ட்வென்டி'. மடங்காத வகை, நடுவில் கீல் வைத்து மடங்கும் வகை என இரண்டும் விற்பனையாயின. 1980களின் நடுப்பகுதி வரை பெருமளவில் தயாரான இந்த வண்டியே இன்று உலகெங்கும் மேம்பாட்டு ஆர்வலர்களின் முதல் தேர்வாக இருக்கிறது.

கனம் ஒரு குறை, அதுவே நிறை: ராலே ட்வென்டி இலகுவான வண்டி அல்ல, எடை 15 கிலோவைத் தாண்டும். மடித்தாலும் இன்றைய பிராம்டன் போலக் கைப்பைக்குள் அடங்கும் உருவமும் அதற்கு இல்லை. ஆனால் அதன் ஒற்றை முதன்மைக் குழாய் மிகத் தடிமனானது. நடுக்கீல் பூட்டு எளிதில் நெகிழாது. அக்காலத்துப் பல மடிப்பு வண்டிகளில் மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் சட்டகம் வில்லாய் வளையும். ட்வென்டியில் அந்த நெளிவு குறைவு. நல்ல எலும்புக்கூடு கிடைத்தால் அதன்மேல் எதையும் கட்டலாம் என்பது ஆர்வலர்களின் கணக்கு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற மிதிவண்டி வல்லுநர் ஷெல்டன் பிரவுன், 2008-இல் மறையும் வரை இந்த வண்டியை விரும்பி ஓட்டியவர். அதை மேம்படுத்தும் முறைகளை விரிவாக எழுதியவர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தப் பழக்கம் பரவியதில் அவருடைய பங்கு பெரிது.

இதற்கிடையே மடிப்பு வண்டி தனிக் கலையாகவும் வளர்ந்தது. ஹாரி பிக்கர்டன் அலுமினியத்தில் செய்த வண்டியைப் பார்த்து, அதைவிடச் சிறப்பாகச் செய்யலாம் என 1975-இல் லண்டனில் தம் அடுக்ககத்தில் வேலையைத் தொடங்கினார் ஆண்ட்ரூ ரிச்சி. சன்னல் வழியே தெரிந்த தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கு வைத்தார்; அதுவே பிராம்டன். லேசர் இயற்பியலாளரான டேவிட் ஹான் 1982-இல் தொடங்கிய நிறுவனம் டஹோன்.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து குதிக்கும் பிரிட்டன் படையினருக்காக மடிப்பு மிதிவண்டி செய்துகொடுத்தது பிஎஸ்ஏ நிறுவனம். அதே பெயரைத் தாங்கிய மிதிவண்டிகளைச் சென்னை அம்பத்தூரில் தயாரித்தது, 1949-இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ். நம் வீடுகளில் பிஎஸ்ஏ என்றால் பள்ளிக்குச் சென்ற வண்டிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் பாராசூட்டிலும் இறங்கியது என்பது பலரும் அறியாதது.

எந்த 20 அங்குலம்? புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் ஏமாறுவது டயர் வாங்கும்போதுதான். ட்வென்டியின் சக்கரம் '20 x 1 3/8'. கடைகளில் எளிதில் கிடைக்கும் சிறுவர் வண்டி, பிஎம்எக்ஸ் வண்டி டயர் '20 x 1.75'. இரண்டும் 20 அங்குலம் என்றே அழைக்கப்படும். ஆனால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் விளிம்பு அமரும் வட்டத்தின் விட்டம் முதலாவதில் 451 மில்லிமீட்டர், இரண்டாவதில் 406 மில்லிமீட்டர். 16 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு: பிராம்டன் 349, சிறுவர் வண்டி 305. எனவே அங்குலக் கணக்கை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

451 அளவில் நல்ல டயர்கள் இந்தியச் சிற்றூர்களில் கிடைப்பது அரிது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி, கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணித்து வரவேண்டிய தீவு என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் 406 அளவு ரிம்முக்கு மாறுவது அறிவார்ந்த முடிவு. பஞ்சர் ஆனாலும் டியூப் கிழிந்தாலும், சிறுவர் மிதிவண்டி விற்கும் எந்தக் கடையிலும் மாற்று கிடைத்துவிடும். உதிரிபாகம் கிடைக்காத உயர்ரக மேம்பாட்டைவிட, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் எளிய மேம்பாடு தீவுவாசிக்கு மேலானது.

ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. ரிம்மின் விட்டம் 45 மில்லிமீட்டர் குறைவதால், பிரேக் கட்டை தொட வேண்டிய இடம் 22.5 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பழைய பிரேக்கின் கைகள் அவ்வளவு தூரம் எட்டாது. நீண்ட கை கொண்ட பிரேக் வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கிடாமல் ரிம்மை மாற்றிவிட்டு, கட்டை டயரில் உரசுகிறதே என்று திகைத்து நிற்பவர்கள் ஏராளம்.

மழையும் எஃகு ரிம்மும்: மேம்பாடுகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், அது ரிம் மாற்றமாகவே இருக்க வேண்டும். பழைய வண்டிகளின் ரிம் குரோமியம் பூசிய எஃகு. வெயிலில் பளபளக்கும், காய்ந்த சாலையில் ஓரளவு நிற்கும். மழையில் நனைந்துவிட்டால், வழவழப்பான அந்தப் பரப்பின் மேல் ரப்பர் கட்டை பிடிப்பின்றி வழுக்கும். பிரேக்கை முழுமையாக அழுத்தியும் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் அந்தச் சில நொடிகளை, பழைய வண்டியை மழையில் ஓட்டியவர்கள் மறக்க மாட்டார்கள்.

அலுமினியக் கலவை ரிம்மில் ஈரத்திலும் கட்டை பற்றிக்கொள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பொழியும், மேடும் சரிவுமாக அமைந்த ஸ்ரீ விஜயபுரம் போன்ற ஊரில் இதை அழகுக்கான செலவு என்று ஒதுக்க முடியாது. இறக்கத்தின் அடியில் லாரி திரும்பிக்கொண்டிருக்கலாம். சக்கரத்தையே மாற்றுபவர்கள், அச்சுக்குள் மூடப்பட்ட டிரம் பிரேக் கொண்ட ஹப்பையும் பரிசீலிக்கலாம். ரிம்மில் நீர் வழிந்தாலும் அதன் செயல்பாடு குறையாது. எடை சற்றுக் கூடும், அவ்வளவே.

புதிய ரிம் வாங்கும்போது ஹப்பில் உள்ள துளைகளின் எண்ணிக்கையும் ரிம்மின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரத்தில் ஸ்போக்ஸ் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. சிறு சக்கரத்தின் கம்பிகள் குட்டையானவை என்பதால் கோட்டம் எடுக்கும்போது நிப்பிளைச் சிறிது திருப்பினாலே ரிம் அதிகமாக நகரும்; பெரிய சக்கரத்தில் பழகிய கை இங்கே நிதானிக்க வேண்டும்.

பல் கணக்கு: சிறிய சக்கரத்தில் மிதித்து மிதித்தே களைத்துப்போவோம் என்பது பரவலான நம்பிக்கை. பல்சக்கரக் கணக்கு சரியாக இருந்தால் அது உண்மையல்ல. 28 அங்குலச் சாதாரண மிதிவண்டி ஒன்றில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என வைத்துக்கொள்வோம். ஒரு முறை பெடல் சுற்றினால் வண்டி சுமார் 5.46 மீட்டர் நகரும். அதே பல்சக்கரங்களை 406 அளவுச் சக்கரத்தில் பொருத்தினால் ஒரு சுற்றுக்கு 3.84 மீட்டர்தான். களைப்புக்குக் காரணம் இதுவே. முன்னே 52 பல், பின்னே 15 பல் என மாற்றினால் 5.45 மீட்டர் கிடைத்துவிடும். பெரிய வண்டிக்கும் இதற்கும் வேறுபாடு ஒரு விரற்கடை அளவே. மடிப்பு வண்டிகளின் முன்பல்சக்கரம் உணவுத் தட்டு போலப் பெரிதாக இருப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ராலே ட்வென்டிகள் பலவற்றில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் 'ஏடபிள்யூ' மூன்று வேக ஹப் இருக்கும். 1930களில் அறிமுகமான இந்த வடிவமைப்பில் நடு கியர் நேரடி ஓட்டம். கீழ் கியர் அதில் முக்கால் பங்கு. மேல் கியர் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு. இதைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே தொங்கும் நவீன கியர் பொருத்துவோர் உண்டு. உப்புக் காற்றில் அது சிறந்த முடிவா என்பது ஐயமே. மூடிய உலோக உருளைக்குள் இயங்கும் பழைய ஹப்புக்குத் தேவை அவ்வப்போது சில சொட்டு எண்ணெய். ஐம்பது ஆண்டு கிடந்த ஹப்பைக் கழுவி எண்ணெய் விட்டால் மீண்டும் டிக் டிக் என்று ஓடத் தொடங்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: கேபிள் சரியாக இழுக்கப்படாவிட்டால், பழைய ஹப்புகளில் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு நடுவே பிடிப்பில்லாத இடம் ஒன்று உண்டு. மேட்டில் நின்று மிதிக்கும்போது அங்கே நழுவினால் பெடல் வெறுமையாய்ச் சுழலும். ஓட்டுபவர் ஹேண்டில்பாரின் மேல் விழுவார். கியரை மாற்றுவதற்கு முன் கேபிளைச் சரிசெய்து பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மரைச் சிக்கல்: கிராங்க் அச்சு அமரும் இடம்தான் ட்வென்டியின் மிகப் பெரிய தலைவலி. உலகின் பெரும்பாலான மிதிவண்டிகளில் அங்குலத்துக்கு 24 மரை. ராலே தன் வண்டிகளுக்கென 26 மரை வைத்தது. போதாக்குறைக்கு ட்வென்டியில் அந்தக் குழாயின் அகலமும் வழக்கமான 68 மில்லிமீட்டரைவிட அதிகமாக 76 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் நவீன அச்சு நேரடியாக ஏறாது. பழைய கப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு அச்சை மட்டும் மாற்றுவது ஒரு வழி. மரையே தேவைப்படாமல் உள்ளே விரிந்து இறுகும் வகை அச்சைப் பொருத்துவது மற்றொரு வழி. 24 மரைக் கப்பை வலுக்கட்டாயமாக முறுக்கி ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டு மரையும் கெட்டு, நல்ல சட்டகம் ஒன்று பழைய இரும்புக்குப் போய்விடும்.

தொடக் கூடாத இடம்: மேம்பாட்டு ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் கீலில் கைவைக்கக் கூடாது என்பது அனுபவசாலிகள் ஒரே குரலில் சொல்வது. வண்டியின் முழுச் சுமையையும் தாங்கும் இடம் அது. பழைய வண்டியை வாங்கும் முன் கீலைச் சுற்றியுள்ள வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறதா, பூட்டிய பின்னும் அசைவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் விலை பேசுவதையே நிறுத்திவிடலாம். எஃகுச் சட்டகத்தின் பின் கவையைச் சில மில்லிமீட்டர் விரித்து அகலமான ஹப்பை ஏற்றலாம். அலுமினியச் சட்டகத்தில் அதைச் செய்தால் முறியும். தெருவோர வெல்டிங்கும் அலுமினியத்துக்கு ஆகாது.

உப்புக் காற்று செய்யும் வேலை: கடலோர வண்டிகளில் துரு வெளியே தெரிவதற்கு முன்பே குழாயின் உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும். சட்டகத்தைப் பிரித்துப் பூட்டும்போதே உட்புறத்தில் எண்ணெயோ மெழுகுப் பூச்சோ செலுத்திவிடுவது முறை. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு சிக்கல், எஃகுக் குழாய்க்குள் அலுமினிய சீட் கம்பியைச் செருகுவதால் வருவது. இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். தினமும் மடிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு; கம்பி நாள்தோறும் ஏறி இறங்குவதால் ஒட்ட நேரமில்லை. மழைக்காலம் முழுவதும் மூலையில் நிறுத்திவைத்துவிட்டு, ஜனவரியில் எடுத்து மடிக்கப் பார்ப்பவர்தான் மாட்டிக்கொள்வார். கிரீஸ் தடவிய கம்பியை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பது போதும்.

வண்டியை அசல் நிலையிலேயே காக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்ற வழக்கு ஆர்வலர்களிடையே முடிவதே இல்லை. ஆரம்பகால மோல்டன் போன்ற அரிய வண்டியில் துளையிடுவதும் வெட்டுவதும் வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு என்பதில் நியாயம் உண்டு. ராலே ட்வென்டி அப்படியல்ல. பெருந்திரளாகத் தயாரான, உழைக்கும் மக்களின் வண்டி அது. ஓட்ட முடியாத அசலைவிட ஓடுகின்ற கலப்பு வண்டிக்கே அங்கே மதிப்பு. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பெட்டியில் எடுத்துவைத்தால் இரு தரப்பும் சமாதானமாகும்.

மிதிவண்டி அந்தமானுக்கு அன்னியமானதல்ல. 2004 ஆழிப்பேரலையில் ஒன்பது வயதுச் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய டெபோரா ஹெரால்ட், பின்னர் இந்தியாவின் முன்னணி டிராக் வீராங்கனையானார். 2018-இல் சுவிட்சர்லாந்தின் எய்கல் நகரில் நடந்த ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில், கீரின் பிரிவில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் இத்தீவுகளின் மைந்தரே. மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த மண்ணில், மிதிவண்டி என்பது பந்தயத்துக்கும் பயணத்துக்கும் பழகிய பொருள்.

ஷகீத் தீவிலும் ஸ்வராஜ் தீவிலும் சுற்றுலாப் பயணிகள் வாடகை மிதிவண்டியில் கடற்கரைகளைச் சுற்றிவருவது வழக்கம். ஸ்வராஜ் தீவின் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்று கியர் கொண்ட சிறுசக்கர வண்டிக்கு அது அளவான தூரம். நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. அந்தமான் டிரங்க் சாலையில் ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரையிலான பகுதி ஜாரவா பழங்குடியினர் காப்பகம். குறிப்பிட்ட நேரங்களில், காவல்துறைப் பாதுகாப்புடன் வாகனங்கள் அணியாகச் செல்ல வேண்டும்; வழியில் நிற்கக் கூடாது. தனியாக மிதித்துச் செல்லும் பாதை அல்ல அது. வண்டியை மடித்துப் பேருந்தில் ஏற்றியாக வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் இறங்கி, படகில் பாராடாங் கரை சேர்ந்து, வண்டியை விரித்து, கீல் பூட்டை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, இரண்டு பிரேக்குகளையும் அழுத்திச் சோதித்துவிட்டு மிதிக்கத் தொடங்கலாம்.